கடலாதெனியக் கற்கோயில்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியிற் செல்வோர் பிலிமத்தலாவையில் இடப்புறம் திரும்பிச் சிறிது தூரம் சென்றால், பாறையொன்றின்மீது கருங்கற் கோயிலொன்றைக் காண்பர். அதுவே கடலாதெனிய விகாரை. தஞ்சைப் பெரிய கோயிலின் சிறப்பைத் தடையின்றி ஒப்புவிக்கும் நம் மாணவருட் பலர், அயலிலுள்ள இக்கோயிலை ஒருமுறையேனும் கண்டிலர்.

கம்பளையிலிருந்து அரசாண்ட நாலாம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டில், சீலவம்ச தர்மகீர்த்தி தேரர் இதனை எழுப்புவித்தார். உலகஞ்சுற்றிய இபன் பதூதா இலங்கைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. பாறையிற் பொறித்த சிங்களச் சாசனம் தலைமைச் சிற்பியின் பெயரையும் தருகின்றது: தென்னிந்தியக் கலைமரபிற் பயின்ற கணேசுவராசாரி. மன்னர் பெயரைக் கல்லில் வெட்டுதல் எங்கும் உண்டு; கல் வெட்டிய கைக்குரியவன் பெயரை வெட்டுவித்தல் அரிது. தேரரின் பெருந்தன்மையை இதனால் அறிகின்றோம்.

புத்தர் அமர்ந்த கருவறை, அதன்முன் இடைகழி, தூண்கள் தாங்கும் முகமண்டபம் என்னும் ஒழுங்கு சிவாலயங்களில் நாம் பழகியதே. அடித்தளத்தில் ஆடுவோரும் முழவு கொட்டுவோரும் வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளனர். அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்களிற் கூரிய வில்வளைவுகள் கூரையின் சுமையைப் பக்கங்களுக்குச் செலுத்தின. நம் சிற்பியோ வளைவை நாடவில்லை. தூணின்மேற் போதிகை, போதிகைமேல் உத்தரம், உத்தரத்தின்மேற் கற்பலகை என அடுக்கினான். சுமை நேரே கீழிறங்குகின்றது. கல்லின் நீளமே இடைவெளிக்கு எல்லையாதலால், தூண்கள் நெருங்கி நிற்கின்றன.

மேலே நோக்கினால் வியப்பொன்று உண்டு. திராவிடச் சிகரம் அமையவேண்டிய இடத்தில் தாதுகோபம் போன்ற குவிமுடி எழுகின்றது. பக்கத்தில் ஒட்டியபடியே திருமாலுக்கும் ஒரு தேவாலயம். இக்கலப்பைச் சிற்பத்தூய்மைக்குக் குறை என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதோம். தனக்குக் கைவந்த முறையை விடாமல், வழிபடுவோரின் தேவையையும் சிற்பி நிறைவேற்றியுள்ளான்.

அருகிலுள்ள இலங்காதிலக விகாரையும் 1344ஆம் ஆண்டினதே. அது பெரும்பாலும் செங்கல்லால் ஆயது, அமைத்தவர் ஸ்தபதிராயர். அங்கே கணபதிக்கும் கந்தனுக்கும் தனியிடங்கள் உண்டு. அதன் பாறையிற் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. பௌத்த விகாரைக்கு விட்ட நிலக்கொடைகளைத் தமிழ் வாசிப்போரும் அறியவேண்டுமென அன்றையோர் கருதினர் போலும். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், காலை வெயில் சாய்ந்து விழும் வேளையில் அதனைக் காட்டுவாராக; எழுத்தின் வெட்டு அப்பொழுதே நன்கு தெரியும்.