திருப்புகழைத் தேடிப் போன 25 வயசுக்காரர்



"எனக்கு எதுல ஆர்வம்னே தெரியலண்ணா" என்று தம்பி ஒருத்தன் கேட்டான். நானும் இதே குழப்பத்தில் மூணு ஆன்லைன் கோர்ஸ் வாங்கி, மூணையும் பாதியில விட்டவன்தான். அவனுக்கு வ. த. சுப்பிரமணிய பிள்ளை பற்றிச் சொன்னேன்.

1871-ல் அவருக்கு வயசு சுமார் 25, நீதிமன்றத்தில் வேலை. சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றைச் சான்றாகக் காட்டினார்கள். அந்தப் பாட்டு அவரைப் பிடிச்சுக்கிச்சு. மீதிப் பாட்டெல்லாம் எங்கே என்று தேட ஆரம்பித்தார். வேலையை விடல, அதையும் கவனிங்க! ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்ப்பது, ஒரே பாட்டு ரெண்டு ஏட்டில் ரெண்டு விதமா இருந்தா ஒப்பிட்டுத் திருத்துவது என்று பல வருஷம் போச்சு. சுவடி படிக்கிற திறமை எல்லாம் தேடத் தேடக் கைக்கு வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன். முதல் தொகுதி அச்சானது 1894-ல். இரண்டாவது 1901-ல். பிறகு மகன் செங்கல்வராய பிள்ளை தொடர்ந்தார். இன்னைக்கு நம்ம மொபைலில் 1,300-க்கு மேல் பாட்டு இருக்கு.

"யாரும் சொல்லாமலே நீ திரும்பத் திரும்பச் செய்யறது எது?" என்று தம்பியைக் கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, "எங்க ஊர்த் தேர்ச் சிற்பத்தை நோட்டுல வரைவேண்ணா" என்றான்.

"நோட்டை எடுத்துட்டு வாடா, பார்ப்போம்" என்றேன்.