ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றும் முன்

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் கார்களில் செக் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பிக்கும். போன மழையில் நடந்ததே போதும்: ஸ்கேனரில் ஒரு எண் வந்தது, உடனே புது சென்சார் போட்டார்கள், நாலாம் நாள் மறுபடி விளக்கு. காசு போனதுதான் மிச்சம்.

ஸ்கேனர் எண் வெறும் புகார், தீர்ப்பல்ல. அழிக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து வயரில் எலிக் கடி இருக்கிறதா பாருங்கள். கப்ளரில் ஈரமா, பச்சை பூத்திருக்கிறதா? துடையுங்கள். பி0135 வந்தால் முதலில் சென்சாரின் ஹீட்டர் ஃபியூஸைப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் மலை ஏறவே வேண்டாம். எரியாத பெட்ரோல் போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஸ்கேனரில் வோல்ட் பாருங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். அடியிலேயே படுத்துக் கிடந்தால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். 0.8ஐத் தொட்டால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. பின்னால் உள்ள சென்சார் அசையாமல்தான் நிற்கும். அதைக் கெட்டுப்போனதென்று கழற்றுபவர்களை என்ன சொல்ல! (ஏர் ஃபியூயல் சென்சார் உள்ள வண்டிகளுக்கு இந்தக் கணக்கு ஆகாது.)

அடுத்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட். அங்கே கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கும். பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். கூடவே கார்பன் மோனாக்சைடும் கூடி, அதே ஓட்டை வழியாகப் பட்டறைக்குள் வரும்.

நான் பயப்படுவது இதற்குத்தான். சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். "பாதி திறந்துதானே சார் இருக்கு" என்பவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், பாதி போதாது. ஃபேன் போட்டாலும் போதாது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூக்கை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மூடிய இடத்தில் எஞ்சின் ஓடவே கூடாது. எத்தனை தடவை சொன்னாலும் "அஞ்சே நிமிஷம்" என்கிறார்கள். சோதனைக்கு எஞ்சின் சூடாகவே நேரம் பிடிக்கும், அஞ்சு நிமிஷத்தில் எது முடிகிறது? ஷெட்டில் ஏசி போட்டுக் காருக்குள் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே வெளியே வாருங்கள், 108ஐ அழையுங்கள். மழையில் எஞ்சினை ஓட்டிச் சோதிக்க, நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை இருந்தால் அங்கே பாருங்கள். இல்லையா, மழை விட்டதும் வண்டியை வெளியே தள்ளிப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.