மிச்சமும் தர்மமும்

பதியானாலும் நிழல் தாங்கலானாலும், பணிவிடை முடிந்து அன்னம் பரிமாறாமல் நாம் கலைவதில்லை. அய்யாவின் வழியில் வழிபாடும் சோறும் பிரிக்க முடியாதவை. இப்போது பல தாங்கல்களில் நம் பிள்ளைகள் இன்னொரு பணியையும் எடுத்துச் செய்ய முன்வருகிறார்கள். கல்யாண மண்டபத்திலும் விழா வீட்டிலும் மிஞ்சுகிற சாப்பாட்டை வாங்கி, பசித்தவர்களிடம் கொண்டு சேர்க்கும் பணி அது. இதை எப்படிச் செய்ய வேண்டும், எந்தக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதே இந்த மாதப் பாடம்.

எங்கள் தாங்கலில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "மிஞ்சினதக் கொண்டு கொடுக்கது தர்மமாடே?"

கேள்வி சின்னதுதான். ஆனால் அதைத் தாண்டிப் போக முடியாது. தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவதே தர்மம் என்று அய்யா நமக்குப் போதித்திருக்கிறார். நமக்கு வேண்டாததை இன்னொருவர் இலையில் வைப்பதால் அவர் உயர்வாரா, இன்னும் தாழ்ந்து போவாரா?

முதலில் அய்யா நடத்திக் காட்டியதைப் பார்ப்போம். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்ட அய்யா, சுவாமிதோப்பில் தவமிருந்த காலத்தில் முத்திரிக்கிணற்றை எல்லோருக்கும் பொதுவாக்கினார். ஒரு சாதி தொட்ட தண்ணீரை இன்னொரு சாதி தொடாத நாட்டில், பல சாதி மக்கள் அங்கே ஒன்றாகக் குளித்தார்கள், ஒன்றாக உண்டார்கள். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் பந்தி மக்கள் ஒன்றாகத் துவைத்து, ஒன்றாக ஆக்கி, ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அந்தப் பந்தியில் கொடுப்பவர் ஒரு வரிசை, வாங்குபவர் ஒரு வரிசை என்று இருக்கவில்லை. மேலே துணி போடக் கூடாது, தலையில் துணி கட்டக் கூடாது என்று வைக்கப்பட்டிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி நின்று பணிவிடை செய்யச் சொன்னவர் அய்யா. தலைப்பாகை கட்டிய தலை, ஒரு பொட்டலம் சோற்றுக்காகக் குனியலாமா? மிச்சச் சோற்றை எடுத்துக்கொண்டு புறப்படும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

மிச்சம் வேறு, எச்சில் வேறு

ஆக்குப்புரையில் அண்டாவில் இருப்பது மிச்சம். பந்தியில் இலைக்கு வந்துவிட்டது எச்சில். பரிமாறும் வாளியில் மீந்ததையும் எடுக்காமல் இருப்பதே நல்லது. அது நாலு பந்தி சுற்றி வந்திருக்கும், பல கை பட்டிருக்கும். கரண்டி படாத பாத்திரத்தில் இருப்பதை மட்டும் வாங்குவது என்று முதலிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது நேரம். சோறு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஆறிய நிலையில் மணிக்கணக்கில் கிடந்தால் அதில் கிருமி பெருகும். திரும்பச் சூடாக்கினாலும் அந்தக் கிருமி விட்ட நஞ்சு போகாது. சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; குளிரில் வைப்பதானால் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், மிஞ்சிய உணவை வாங்கிப் பகிர்வதற்கென்றே 2019-ல் விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. தாங்கல் குழுவினர் அதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

நம் பக்கத்துச் சமையலில் தேங்காய் அதிகம். அவியல், எரிசேரி, தேங்காய்ப்பால் விட்ட பாயாசம் ஆகியவை முதலில் ஊசிப்போகும். மத்தியானப் பந்தியில் மிஞ்சிய அவியலை ராத்திரிக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள். ஏழை வயிறுதானே, தாங்கும் என்ற எண்ணம் மனதில் வந்தால் அன்றைக்குத் தர்மம் அழிந்தது. கூலிவேலைக்குப் போகிறவர் ஒரு நாள் வயிற்றுப்போக்கில் படுத்தால் அந்த வீட்டுக்கு அன்றைய கூலி இல்லை.

இன்னொன்று. மண்டபத்தில் அசைவமும் ஆக்கியிருக்கலாம். அதைத் தாங்கல் வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது, தாங்கல் பாத்திரத்தில் எடுக்கவும் கூடாது. பாத்திரத்தையும் வண்டியையும் தாங்கலுக்கு வெளியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர் முகம்

நம் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. நின்று பார்க்கிறவருக்கு அவர் முகமே தெரிகிறது. உனக்குள் இருக்கும் இறைவனைப் பார் என்பது அதன் பொருள். சோறு வாங்க வருகிறவர் அங்கே நின்றாலும் அதே கண்ணாடியில் அவர் முகம்தான் தெரியும்.

ஊரில் தனியாக இருக்கும் வயதான அம்மாக்கள் சிலர் உண்டு. பிள்ளைகள் வெளியூரில். பசி இருந்தாலும் தெருவில் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். அவர்களுக்குப் பசியைவிட வெட்கம் பெரிது. நாங்கள் அவர்களை வரிசைக்குக் கூப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் தூக்குவாளியில் கொடுத்துவிடுகிறோம். "இன்னைக்குக் கல்யாணச் சாப்பாடு வந்துது அத்தை, உங்களுக்கும் கொண்டு வந்தேன்" என்று அவள் கொடுக்கும்போது அது உறவுக்காரர் வீட்டுப் பலகாரம் போல ஆகிவிடுகிறது. செங்கல் சூளையில் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளிடம் போகும்போது, அவர்களோடு தரையில் உட்கார்ந்து நாங்களும் அதையே சாப்பிடுகிறோம். கொண்டு போகிறவர் தின்னாததை அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. படம் எடுப்பதில்லை. சாதி, மதம், ஊர் கேட்பதில்லை.

ஆடியும் மார்கழியும்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். மிச்சத்தைக் கொடுப்பது தர்மமா?

உலகத்தில் 2022-ல் மட்டும் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதைக் காப்பாற்றுவது நம் கடமை. ஆனால் அந்தச் சோற்றை நாம் விளைவிக்கவில்லை, நாம் ஆக்கவில்லை, நாம் காசு கொடுக்கவும் இல்லை. குழிக்குப் போக இருந்ததை வயிற்றுக்குத் திருப்பி விடுகிறோம். நாம் சுமடு எடுத்தவர்கள், அவ்வளவுதான். சுமடு எடுத்ததற்குப் பெருமை பேச ஒன்றும் இல்லை.

மேலும், மிச்சம் முகூர்த்தத்தைப் பார்த்து வருகிறது. ஆடி மாதம் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. பசிக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. தை மாதம் வாரம் மூன்று நாள் சோறு கொண்டுபோன வீட்டுக்கு ஆடியில் வெறுங்கையோடு போவோமா?

தர்மம் தொடங்கும் இடம் இதுதான். எங்கள் ஊரில் பிடி அரிசி வைக்கிறோம். உலையில் அரிசி போடும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போய்ச் சேர்த்து வருகிறார்கள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அந்த அரிசி உலையில் ஏறுகிறது. பிடி அரிசி, மிஞ்சியதில் எடுத்தது இல்லை, முதலில் எடுத்தது. தன் சாப்பாட்டில் குறைத்து எடுத்தது.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பயணிகளோடு சிக்கி நின்றது. பக்கத்து ஊர் மக்கள்தான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த மக்களைச் சுற்றியும் வெள்ளம்தான். அவர்களிடம் மிச்சம் ஏது? இருந்ததைப் பகிர்ந்தார்கள்.

ஆகவே அந்தப் பெரியவர் கேட்டது சரி. மிச்சத்தைச் சேர்ப்பது கடமை. முதலை எடுத்துக் கொடுப்பது தர்மம். முன்னதைச் செய்துவிட்டு, பின்னதையும் செய்தாயிற்று என்று இருந்துவிடக் கூடாது. இப்போது பெரியவர் வீட்டிலும் டப்பா இருக்கிறது.

வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் கணக்குப் பார்த்து ஆக்குங்கள். பசித்தவருக்கு என்று கொடுக்க மனம் இருந்தால், அதற்கென்று பத்துப் படி அரிசி சேர்த்து ஆக்கி, முதல் பந்திக்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். அப்போது அது மிச்சம் ஆகாது. பந்தியில் அவர்களுக்கும் ஓர் இலை போட்டதாகும்.

அய்யா உண்டு.