வேலியோரத் தோழன் தேவாங்கு

மெலிந்த பிள்ளையைக் கண்டால் "தேவாங்கு மாதிரி இருக்கிறானே" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அப்படிச் சொல்கிறவர்களில் பலர் தேவாங்கைக் கண்ணால் கண்டதில்லை. பகல் முழுவதும் புதருக்குள் உறங்கி, இருட்டிய பிறகு வெளியே வரும் பிராணி அது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் வறண்ட காடுகளிலும், அவற்றை ஒட்டிய மானாவாரி நிலங்களின் உயிர்வேலிகளிலும் இது வாழ்கிறது. இதைப் பற்றி விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

தோற்றமும் குணமும்

தேவாங்கு குரங்குக்குத் தூரத்து உறவு. எடை சுமார் கால் கிலோ. உடல் நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். வால் கிடையாது. கை கால்கள் குச்சி போல இருக்கும். முகத்தில் பாதி கண்தான். டார்ச் வெளிச்சம் பட்டால் இரண்டு கண்களும் தணல் போல ஒளிரும்.

ஓசையின்றி, கிளையைப் பற்றிப் பற்றி, அடிமேல் அடி வைத்து நகரும். பூச்சி எட்டும் தூரத்தில் வந்ததும் சட்டென்று கையை நீட்டிப் பிடித்துவிடும். தன் மூத்திரத்தையே கைகால்களில் தேய்த்துக்கொள்ளும் வேடிக்கையான வழக்கமும் உண்டு. பகலில் பந்து போலச் சுருண்டு, சில சமயம் இரண்டு மூன்று சேர்ந்து உறங்கும். சினைக்காலம் சுமார் ஐந்தரை மாதம். ஒன்று அல்லது இரண்டு குட்டிகள் ஈனும்.

பயிருக்குப் பகையல்ல

எறும்பும் கரையானும் இதற்கு முக்கிய உணவு. வண்டு, அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி ஆகியவற்றையும், எப்போதாவது பல்லியையும் தின்னும். சோளம், கடலை, அவரை எதையும் அழிக்காது. தேவாங்கு இருந்தால் பூச்சித் தொல்லையே இராது என்று சொல்ல முடியாது. ஆனால் நம்மிடம் கூலி கேட்காமல் இரவெல்லாம் பூச்சி பொறுக்கும் பிராணியை விரட்டுவதில் லாபம் ஏதும் இல்லை.

வேலிதான் அதன் பாதை

குரங்கு போல மரத்துக்கு மரம் தாவ தேவாங்கால் முடியாது. கிளையோடு கிளை சேர்ந்திருந்தால்தான் அடுத்த மரத்துக்குப் போகும். கிளுவையும் கள்ளியும் வெள்வேலும் அடர்ந்த பழைய வேலி அதற்கு வீடு, பாதை இரண்டுமாகும். அந்த வேலியை வெட்டிக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டினால் பாதை அறுந்துவிடுகிறது. தரையில் இறங்கிக் கடக்கும்போது நாய் வாயிலும் வண்டிச் சக்கரத்திலும் சிக்குகிறது. மின்கம்பியில் ஏறி மாண்டுபோவதும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

1. உயிர்வேலியை ஒரே ஆண்டில் முழுவதும் கழிக்க வேண்டாம். ஒரு பக்கம் இந்த ஆண்டு, மறுபக்கம் அடுத்த ஆண்டு என்று கழிக்கலாம்.

2. வேலியில் விழுந்த சந்துகளில் மழைக்கு முன் கிளுவைப் போத்து நட்டு அடைக்கவும்.

3. வண்டிப் பாதைக்கு இருபுறமும் உள்ள மரங்களில், வண்டிக்கு இடிக்காத உயரத்தில் கிளைகள் ஒன்றோடொன்று சேரும்படி விடவும்.

4. வேலிச் செடிகளின் மேல் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். வேலியோரச் சருகுக்குத் தீ வைக்கவும் வேண்டாம்.

5. இரவில் குட்டி தனியே கிளையில் இருந்தால் எடுக்காதீர்கள். இரை தேடப் போகும் தாய் குட்டியை அப்படி விட்டுச் செல்வது வழக்கம். அது திரும்பி வரும்.

6. அடிபட்ட தேவாங்கைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லவும். வெறுங்கையால் பிடித்தால் கடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பில்லி சூனியத்துக்கும் கண் மருந்துக்கும் என்று தேவாங்கைப் பிடித்து விற்கிறவர்கள் உண்டு. இதனால் எந்த நோயும் தீர்ந்ததில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி இது. பிடித்தாலும் கொன்றாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தேடி வருகிற வியாபாரிக்கு இடம் காட்டுவதும் வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

2022-ஆம் ஆண்டு தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்புள்ள இதுவே நாட்டில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம். ஆனால் தேவாங்குக்குச் சரணாலயத்தின் எல்லைக் கல் தெரியாது. அதற்குத் தெரிந்தது வேலிக் கிளைதான். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் தங்கள் வேலியைக் காத்தாலே போதும். தேவாங்கும் பிழைக்கும், நிலத்துக்கும் காவல் இருக்கும்.