கலப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் குழு ராக்கும் வாசிக்கிறது, நாட்டுப்பாடலும் வாசிக்கிறது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. ஆனால் லோஸ் லோபோஸ் கலந்த விதத்தைக் கொஞ்சம் கவனி.

1973-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய குழு அது. மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். ராக்கும் ஆர் அண்ட் பியும் கேட்டு வளர்ந்தவர்கள். கையிலிருந்த எலெக்ட்ரிக் கிதாரை ஓரமாக வைத்துவிட்டு, அப்பா அம்மா காலத்துப் பாட்டுகளைப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து காதாலேயே பிடித்தார்கள். அதற்கென்றே உள்ள ஹரானா, கிடாரோன் போன்ற தந்தி வாத்தியங்களையும் கற்றார்கள். எழுபதுகளில் பெரும்பாலும் கல்யாணத்திலும் உணவகத்திலும்தான் வாசிப்பு. கூர்ந்து கேட்கும் பெரியவர்கள் இருக்கும் சபை அது. தாளம் பிசகினால் அங்கே தப்பிக்க முடியாது.

1980-ல் லாஸ் ஏஞ்சலஸின் ஒலிம்பிக் அரங்கில் பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவுக்கு முன்னால் மேடையேறியபோது, பங்க் ரசிகர்கள் கூச்சலிட்டுக் கையில் கிடைத்ததை எல்லாம் எறிந்தார்கள். இவர்களோ மீண்டும் எலெக்ட்ரிக் கிதாரை எடுத்துக்கொண்டு, அந்த ரசிகர்கள் கூடும் பங்க் கிளப்புகளுக்கே போய் வாசித்து இடம் பிடித்தார்கள். எனக்கு இந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும்.

1987-ல் ‘லா பாம்பா’ படத்துக்காக அவர்கள் வாசித்த அதே பெயருடைய பாட்டு அமெரிக்க இசைப் பட்டியலில் முதலிடம் வந்தது. இன்றே அதன் கடைசிப் பகுதியைக் கேள். டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாரும் விலக, வெறும் தந்தி வாத்தியங்கள் அந்த மெட்டை அது பிறந்த மெக்சிகோவின் வெராக்ரூஸ் மண்ணுக்கே கொண்டுபோய்விடும். சில நொடிகள்தான். எழுபதுகளின் உழைப்பு முழுவதும் அதில் இருக்கிறது.

அடுத்த ஆண்டே வந்தது ‘லா பிஸ்டோலா இ எல் கொராசோன்’. புகழின் உச்சியில் நின்றுகொண்டு, முழுக்க மெக்சிகோ நாட்டார் இசையில் ஒரு தொகுப்பு! விற்பனைக் கணக்குப் பார்க்கிறவன் செய்யக்கூடிய காரியமா இது? 1992-ல் வந்த ‘கிகோ’ அவர்களுடைய சிகரம் என்பேன். அதில் ப்ளூஸ் எங்கே முடிகிறது, நாட்டார் இசை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இத்தனைக்கும் நடுவில் குழுவின் பழைய உறுப்பினர்களான ஹிடால்கோ, பெரெஸ், ரோசாஸ், லொசானோ நால்வரும் பிரியவில்லை. 2021-ல் வந்த ‘நேட்டிவ் சன்ஸ்’ கிராமி விருது வாங்கியபோதும் அதே நால்வர்தான். எண்பதுகளில் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் பெர்லினும் கூடவே.

நீ அனுப்பிய பதிவில் கிதார் அருமை. நாட்டுப்பாடல் பகுதிதான் ஒட்டவில்லை. மெட்டை மட்டும் எடுத்திருக்கிறாய். அதன் நடை உன் கைக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பாட்டைப் பரம்பரையாகப் பாடுகிறவர்களிடம் போ, அவர்களோடு உட்கார்ந்து வாசி. அவர்கள் திருத்தினால் திருத்திக்கொள். குழுவில் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போகாதே. டிரம்ஸ் எங்கே நுழைய வேண்டும் என்பதை அதற்கப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்