காசநோய் திரும்ப வருவது ஏன்? தெரிந்து கொள்வோம்

டி.பி. எனும் காசநோய் குணமாகக் கூடியதுதான். ஆனால் "குணமாகி ஆறு மாசம்கூட ஆகலை, திரும்பவும் இருமல் வந்துடுச்சு" என்ற பேச்சும் ஊரில் கேட்கிறது. இது தலைவிதி அல்ல, காரணங்கள் உண்டு.

திருவள்ளூர் மாவட்டத்தில் அரசு சிகிச்சையில் குணமான 503 பேரை, சென்னையில் அன்று இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தது. 2005-ல் வெளியான முடிவின்படி 62 பேருக்கு நோய் திரும்பியது. அதில் 48 பேருக்கு முதல் 6 மாதத்துக்குள்ளேயே வந்துவிட்டது. யாருக்கு அதிகம் வந்தது?

1. மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு. இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும். "அதான் சரியாயிடுச்சே" என்று நிறுத்தி விடுகிறோம். உள்ளே சில கிருமிகள் சாகாமல் பதுங்கியிருக்கும். அவற்றை அழிக்கத்தான் மீதி 4 மாத மாத்திரை.

2. ஆரம்பத்திலேயே மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருந்தவர்களுக்கு. எனவே சளிப் பரிசோதனையின்போதே "மருந்து கேட்குமான்னு பார்த்தாச்சா?" என்று கேட்க வேண்டும்.

3. பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு.

இவை தவிர சர்க்கரை நோயும் சத்துக்குறைவும் நோய் திரும்ப வழி செய்யும். எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு முட்டை, பருப்பு, கடலை முதலில் போக வேண்டும். சத்துணவுக்கென்று அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். நோயாளியின் வங்கிக் கணக்கிலேயே அது வரவு வைக்கப்படும்.

"வெளியே தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னுடும்" என்று மறைத்து, மாத்திரையை விட்டவர்களும் உண்டு. மறைத்தால் நோய் போகாது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரவும்.

நம் குழு செய்ய வேண்டியவை:

* மாத்திரை சாப்பிடும் உறுப்பினரைத் தினமும் ஒருவர் விசாரிப்போம். வேலைக்கு வெளியூர் போனால், அங்கேயே இலவசமாக மாத்திரை கிடைக்க முன்கூட்டியே சுகாதார நிலையத்தில் சொல்ல வைப்போம்.
* சிகிச்சை முடிந்த பிறகு 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் பரிசோதனைக்கு அனுப்புவோம்.
* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் பழைய மாத்திரையைக் கடையில் வாங்காமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போவோம்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்: நம் தெருவில் மாத்திரையைப் பாதியில் விட்டவர் யார்? அவரிடம் பேசப் போவது யார்?