காபிக்கு முன் நாடி பாருங்கள்

கைக்கடிகாரம் நாடித்துடிப்பைக் காட்டத் தொடங்கியதிலிருந்து காலை நடைக்கு வருகிறவர்களின் பேச்சே மாறிவிட்டது. ஒருவர் 58 என்று கவலைப்படுவார், இன்னொருவர் 92 என்று. ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்புதான். நீண்டகாலம் பயிற்சி எடுத்த ஓட்டக்காரர்களுக்கு 40-ஐ ஒட்டியும் இருக்கும்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 துடிப்புகளை எழுப்பும். வேகஸ் நரம்புதான் கடிவாளம் பிடித்து அதைக் குறைத்து வைக்கிறது. பயம், கோபம், அவசரம் வந்தால் அட்ரினலின் சுரந்து வேகம் கூடும். காய்ச்சலில் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் சுமார் 10 துடிப்பு ஏறும். ஆனால் டைபாய்டில் காய்ச்சல் கடுமையாக இருந்தும் நாடி அந்த அளவுக்கு ஏறாமல் இருப்பதுண்டு.

இப்படிப் பல காரணங்களால் நாடி மாறுவதால்தான் நடைக்கூட்டத்தில் யார் எண்ணைச் சொன்னாலும், “அதற்கு முன் என்ன செய்தீர்கள்?” என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். மாடிப்படி ஏறியிருப்பார், சிகரெட் பிடித்திருப்பார், கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்திருப்பார். ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது, காலையில் எழுந்து நடமாடுவதற்கும் காபிக்கும் முன் பார்த்த எண். கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு என்பதால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்.

மாத்திரைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக மெட்டோபுரோலால், அட்டெனோலால் சாப்பிடுகிறவர் எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி அவ்வளவாக ஏறாது. உச்ச நாடிக்கான ‘220-இலிருந்து வயதைக் கழி’ என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு அவர் ஓட முயல்வது ஆபத்து. அந்தக் கணக்கே ஒரு சராசரிதான். அதற்குப் பதில் பேச்சைக் கவனிக்கலாம்: நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமாலும் சில சளி மாத்திரைகளும் அந்த ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு நேர்மாறு, துடிப்பைக் கூட்டும்.

படபடப்பு வந்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிப் பார்க்கலாம். மூச்சு வெளியேறும்போது துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு.

காரணமே இல்லாமல் ஓய்விலும் நாடி தொடர்ந்து 100-க்கு மேல் இருந்தால் ரத்தசோகையா, தைராய்டா என்று பரிசோதிக்க வேண்டும். தாளம் தப்பித் துடித்தாலும், 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றினாலும் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்தால் நாடி எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.